குண்டு போய் விழுகிற இடம் வரைக்கும்

1690. செஞ்சிக் கோட்டையில் உட்கார்ந்திருந்த ராஜாராமுக்குச் சரியான பணமுடை. அப்பா பெயர் சத்ரபதி சிவாஜி, அதனால் பெயருக்குக் குறைச்சலில்லை, கையில்தான் காசில்லை. வடக்கே அண்ணன் சாம்பாஜியை ஔரங்கசீப் கொன்றாயிற்று, தலைநகர் ராய்கட் பறிபோயிற்று, தம்பி மாறுவேஷம் போட்டுக்கொண்டு தப்பித்து இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறார். வந்த இடத்தில் மூன்று மலை இருக்கிறது, நெற்களஞ்சியம் இருக்கிறது, சம்பளம் கேட்டு வாசலில் நிற்கிற சிப்பாயும் இருக்கிறான். விற்பதற்கு என்ன இருக்கிறது என்று சுற்றுமுற்றும் பார்த்தால், கடலோரம் தேவனாம்பட்டினத்தில் ஒரு குட்டிக் கோட்டை கண்ணில் பட்டது.

வாங்குவதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ரெடி. மெட்ராஸில் அப்போது கவர்னர் எலிஹு யேல். பிற்பாடு அமெரிக்காவில் ஒரு யுனிவர்சிட்டிக்கே பெயர் கொடுத்தாரே, அதே யேல். அவ்வளவு படித்த பெயர்க்காரர் போட்ட ஒப்பந்தம் எப்படி இருந்தது தெரியுமா?

கோட்டை உங்களுக்கு. சரி, கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு. கயிறு பிடித்து அளக்கவில்லை, கல் நடவில்லை, 'கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால்' என்று நம்மூர்ப் பத்திர எழுத்தர் எழுதுகிற நான்கெல்லைகூட இல்லை. குண்டு விழுந்தால் எல்லை.

எந்தப் பீரங்கி? சொல்லவில்லை. எவ்வளவு மருந்து கெட்டிக்கலாம்? சொல்லவில்லை. குழாயை எவ்வளவு தூக்கி வைக்கலாம்? அதுவும் இல்லை. கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், மெட்ராஸிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்தார்கள். மிச்சமெல்லாம் சுடுகிறவன் கைத்திறமை என்று மேலிடத்திலிருந்து ஒரு பெரிய மனுஷத்தனமான குறிப்பும் போயிற்று. அந்தச் செப்டம்பரில் சுட்டார்கள். குண்டு பறந்தது. எல்லைக்குள் கிராமம் கிராமமாக வந்து விழுந்தது, பக்கத்திலிருந்த கடலூரும் சேர்ந்து விழுந்தது. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். கடலூரில் குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் பஸ் போர்டில் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் யாரும் குண்டாக இருந்ததால் வந்த பெயர் இல்லை.

சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். போன வாரம் கையெழுத்தான ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் ஞாபகத்துக்கு வரும், முகம் வெளுக்கும். 'சிஸ்டம் வேகமாக இருக்க வேண்டும்' என்று அதில் ஒரு வரி இருக்கும். அதுவும் ஒரு பீரங்கிக் குண்டுதான், எங்கே விழும் என்று சுடுகிற வரைக்கும் தெரியாது.

இதற்கு அந்தத் தொழிலில் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். லாஜிக்கல் டேட்டா மாடல் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கட்டமும் கோடும்தான். இந்த வியாபாரத்தில் என்னென்ன வஸ்து இருக்கிறது? வாடிக்கையாளர், பில், சரக்கு என்று ஆளுக்கொரு கட்டம். ஒன்றை இன்னொன்றிலிருந்து எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீர்கள்? அது கட்டத்துக்குள் முதல் வரி. எதற்கும் எதற்கும் சம்பந்தம், ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா? அது கோடு. 'பல' என்கிற பக்கத்தில் கோட்டின் நுனியை மூன்றாகப் பிரித்துப் போடுவார்கள், பார்க்கக் காக்காக் கால் மாதிரியே இருக்கும், பெயரும் அதுவேதான். ஆரக்கிளா, எக்ஸெலா, யாருடைய சர்வர் என்பதைப் பற்றி இந்தப் படத்துக்குக் கவலையே கிடையாது. 1970ல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் அட்டவணைகளை வைத்து அஸ்திவாரம் போட்டார். 1976ல் பீட்டர் சென் கட்டம், கோடு, சம்பந்தம் என்று வரைந்து காட்டினார். ராஜாராமுக்கு 286 வருஷம் லேட்.

இந்தப் படத்தைத் தேவனாம்பட்டினத்துக்குப் போட்டுப் பாருங்கள். 'கிரயம்' என்று ஒரு கட்டம். உள்ளே விற்றவர், வாங்கியவர், தொகை. அடுத்த வரி, 'எல்லை'. இதை எந்த அளவையில் எழுதுவது? கஜமா, காதமா? யார் நிரப்புவது? எந்தத் தேதியில் நிரப்புவது? ஒரே ஒரு ஜூனியர் பெண் கை தூக்கி இதைக் கேட்டிருந்தால் போதும், வியாபாரம் அன்றைக்கே படுத்திருக்கும்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. கேட்கத் தெரியாமல் யாரும் கேட்காமல் விடவில்லை. ராஜாராமுக்கு இன்றைக்குச் சாயந்திரத்துக்குள் பணம் வேண்டும். கம்பெனிக்கு ஓட்டை வேண்டும். இரண்டு பேருக்கும் அந்தக் கட்டம் காலியாக இருப்பதுதான் லாபம். வரலாற்றில் குழப்பம் என்று நாம் நினைப்பதில் முக்கால்வாசி, யாரோ கவனமாக நிரப்பாமல் விட்ட கட்டம்.

இன்றைக்கும் அதே கதைதான். எந்தக் கம்பெனியிலாவது போய், கண்ணாடி ரூமில் பத்துப் பேரை உட்கார வைத்து, 'கஸ்டமர் என்றால் யார்?' என்று கேளுங்கள். சேல்ஸ்காரர், 'கடை வாசல் வரை வந்து பார்த்தவரும் கஸ்டமர்தான் சார்' என்பார். பில்லிங் அம்மா, 'பணம் கட்டினாத்தான் கஸ்டமர்' என்பார். சப்போர்ட் பையனுக்கு ஃபோனில் யார் கத்துகிறாரோ அவர்தான் கஸ்டமர். மூன்று கணக்குக்கும் மூன்று எண்ணிக்கை. எது சரி என்று வரையறுத்துவிட்டால் யாரோ ஒருவருடைய போனஸ் குறையும். அதனால் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 'இதை ஆஃப்லைன்ல டிஸ்கஸ் பண்ணிக்கலாம்' என்பார். ராஜாராமுக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

பாவம், அவரை மட்டும் கிண்டல் செய்யக் கூடாது. அவருடைய அடுத்த கைங்கரியத்தைப் பாருங்கள், அசந்துபோவீர்கள். 1691ல் கோர்ப்படே சர்தார்களுக்கு ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். ராய்கட்டைப் பிடித்தால் இவ்வளவு ஹொன் பொற்காசு, பீஜப்பூரைப் பிடித்தால் இவ்வளவு, பாகநகர் என்கிற ஹைதராபாத்தைப் பிடித்தால் இவ்வளவு, ஔரங்காபாத்துக்கு இவ்வளவு, மீதி டில்லியைப் பிடித்ததும்.

டில்லி! எழுதிக் கொடுத்தவரைச் சுற்றி மொகலாயப் படை கூடாரம் அடித்துக்கொண்டிருக்கிறது. செஞ்சிக்குள்ளேயே கிருஷ்ணகிரி மலையிலிருந்து ராஜகிரி மலைக்குப் போவதே அன்றைக்கு அவருக்கு வெளியூர்ப் பயணம். ஆனால் டெக்னிக்கலாகப் பார்த்தால் இந்தச் சாசனம் அப்பழுக்கில்லாதது. நிபந்தனை தனி, தொகை தனி, எது முடிந்தால் எது கிடைக்கும் என்பது தெளிவு. மைல்ஸ்டோன் பேமென்ட். பீரங்கி ஒப்பந்தத்தை எழுதிய அரசவையா இது என்று சந்தேகமே வரும். பணம் வரவேண்டிய இடத்தில் கொழகொழ, பணம் போகவேண்டிய இடத்தில் கணீர்!

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ராஜாராம் தன் சர்தார்களுக்கு எழுதிக் கொடுத்த அதே சீமையை மொகலாயரும் தங்கள் ஆட்களுக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிராமம், இரண்டு எஜமான், இருவர் கையிலும் அசல் முத்திரை. காக்காக் கால் எந்தப் பக்கம் போட வேண்டும் என்று குடியானவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். வரி கேட்டு வருகிறவன் பக்கம்தான் எப்போதும் பன்மை.

இனி வெளியே கூடாரம் போட்டிருந்தவரிடம் வருவோம். பெயர் ஜுல்பிகார் கான். அதாவது பெற்றோர் வைத்தது முகம்மது இஸ்மாயில். பிறகு இதிகாத் கான். ராய்கட்டைப் பிடித்த பிறகு ஜுல்பிகார் கான். அப்புறம் நுஸ்ரத் ஜங். இத்தனையும் ஒரே ஆள். பட்டம் கொடுக்கக் கொடுக்கப் பழைய பெயர் அழிந்துவிடும்; வரலாற்று மாணவன் நான்கு பேர் சண்டை போட்டதாகப் பரீட்சையில் எழுதிவைப்பான். டேட்டாபேஸ்காரர்கள் மனிதனுக்குப் பெயரை அடையாளமாக வைக்காதே, ஒரு நம்பர் கொடு என்று தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

இவர் 1690ல் செஞ்சியை முற்றுகையிட்டார். 1698 தொடக்கத்தில் பிடித்தார். இடையில் ஏழு வருஷத்துக்கு மேல் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தை: 'முற்றுகை.' இது எப்படிப்பட்ட முற்றுகை என்றால், மூன்று மலையையும் சுற்றி வளைக்க ஆள் பத்தாது. உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் முற்றுகை போட்டவர்தான் சாப்பாடில்லாமல் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். ஒத்தாசைக்கு வந்த ஔரங்கசீப்பின் மகன் இளவரசர் காம் பக்ஷ், எதிரியோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சொல்லி ஜுல்பிகார் கானும் அவருடைய அப்பா அசத் கானும் சேர்ந்து அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். முதலாளி மகனை மேனேஜர் அரெஸ்ட் பண்ணுகிற புராஜெக்ட் எப்படி உருப்படும்? ஜுல்பிகாரே வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று ஊர் பேசியது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளேயே இல்லை, ஏற்கெனவே நழுவிவிட்டார். ஔரங்கசீப்பின் ஏட்டில் 'முடிந்தது' என்று ஏறியது. எதைப் பிடிக்க வந்தோம், கோட்டையையா ஆளையா என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் டிக் போட முடிந்திருக்காது.

ஜெயித்ததும் கோட்டைக்கு ஜுல்பிகாரின் பட்டத்தையே சூட்டிவிட்டார்கள், நுஸ்ரத்கட். அதற்கு முன்னால் பீஜப்பூர்க்காரர்கள் இதே மாதிரி ஒரு பெயர் வைத்துப் பார்த்தார்கள், அதற்கு முன்னால் நாயக்கர்களும். வெள்ளைக்காரன் 'ஜிஞ்சி' என்று எழுதினான். ஊர்க்காரன் யாரையும் லட்சியம் செய்யாமல் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனான்.

ரொம்பப் பழைய காலத்து அசட்டுத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, சந்தோஷம். எந்தத் தலைப்பில்? 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்.' பன்னிரண்டு கோட்டை, பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடையது. கோனார்கள் தொடங்கியது என்கிறார்கள், நாயக்கர்கள் கல்யாண மகாலும் களஞ்சியமும் கட்டினார்கள், பீஜப்பூர் சுல்தான், மொகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் எல்லோரும் குடியிருந்துவிட்டுப் போனார்கள். சிவாஜி பிடித்தது 1677, மராட்டியர் கைவிட்டுப் போனது 1698. இருபத்தோரு வருஷம். ஆனாலும் ஃபாரத்தில் 'வகை' என்ற இடத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடமிருந்தது. அங்கே ஒரு காக்காக் கால் போட்டிருந்தால் நாயக்கர் ஆவிகளும் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். சரி, நமக்குப் பட்டியலில் இடம் கிடைத்ததே. அதற்காகக் கொஞ்ச நாள் மராட்டியராக இருந்துவிட்டுப் போவோம்.

இவ்வளவு கிண்டல் செய்தாலும் மொகலாயரைக் கணக்கு தெரியாதவர்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. டேட்டா மாடலில் அவர்கள் சூரர்கள். ஒவ்வொரு மன்சப்தாருக்கும், அதாவது பதவி பெற்ற அதிகாரிக்கும், இரண்டு எண். ஜாத் என்பது அவருடைய அந்தஸ்தும் சம்பளமும். சவார் என்பது அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைவீரர்கள். ஆளின் மதிப்பையும் ஆள் வைத்திருக்கும் படையையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பக் கூடாது என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே புரிந்துகொண்டு பிரித்தார்கள். இன்றைக்கும் 'டீம் சைஸ்' என்பதைத் தன் உயரமாக நினைக்கிற மேனேஜர்கள் இருக்கிறார்கள்.

ஒரே குதிரையை இரண்டு சர்தார்கள் மாற்றி மாற்றிக் காட்டிச் சம்பளம் வாங்குவார்கள் என்று குதிரைக்குச் சூடு போட்டார்கள், சிப்பாயின் அங்க அடையாளத்தை எழுதிவைத்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பிருஷ்டத்தில் அடித்த பிரைமரி கீ!

சம்பளத்துக்குப் பதில் கொடுக்கும் ஜாகீரிலும் இரண்டு கணக்கு. ஜமா என்பது காகிதத்தில் வர வேண்டிய வரி. ஹாசில் என்பது நிஜமாக வந்த வரி. தக்காணத்தில் இரண்டுக்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள தூரம். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: காகிதத்தில் உள்ளதில் பாதிதான் தேறும் என்றால் அது 'ஆறு மாத ஜாகீர்'. மூன்றில் ஒரு பங்குதான் என்றால் 'நாலு மாத ஜாகீர்'. வருஷம் என்னமோ பன்னிரண்டு மாதம்தான், சம்பளத்துக்கு மட்டும் நாலு மாதம். இப்படிப்பட்ட ராஜ்யத்தில் ஒருவர் 'உன் மேல் பாக்கி இருக்கிறது' என்றால், எந்தக் கணக்கிலிருந்து கழித்த பாக்கி என்று கேட்காமல் பேச்சைத் தொடங்கவே கூடாது.

இத்தனை கட்டம் போட்டவர்கள் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆள் செத்தால் என்ன ஆகும்? சட்டப்படி ஜாகீர் பாதுஷாவுக்குத் திரும்ப வேண்டும். நடைமுறையில் மகன் ஓடிவந்து, நஜர் வைத்து, குனிந்து நின்றால் ஏதோ கிடைக்கும். இதை எழுதிவைத்துவிட்டால் அப்புறம் யார் குனிவார்கள்? காலியாக விட்டார்கள்.

அந்தக் காலிக் கட்டத்தில் போய் விழுந்தவர்தான் நம் தேசிங்கு ராஜா.

கதைப்பாட்டில் அவருக்கு அடங்காத குதிரை உண்டு, கல்யாணத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்த நண்பன் மோவுத்துக்காரன் உண்டு. 1960ல் எம்.ஜி.ஆர். வேறு நடித்துவிட்டார். அதற்கெல்லாம் நான் குறுக்கே நிற்க மாட்டேன், எனக்கும் அந்தக் குதிரையைப் பிடிக்கும். ஆனால் சண்டையின் பூர்வீகம் ஒரு ரினியூவல்.

நிஜப் பெயர் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரர். அப்பா ஸ்வரூப் சிங்கை ஔரங்கசீப் செஞ்சிக்குக் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராகப் போட்டிருந்தார். ஸ்வரூப் சிங் ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் காலம் தள்ளி, 1714 வாக்கில் கண்ணை மூடினார். மகன் புந்தேல்கண்டிலிருந்து வந்து, காரியம் செய்து முடித்து, கோட்டையில் ஏறி உட்கார்ந்தார். ஆற்காட்டில் நவாப் சாததுல்லா கான். வாளைச் சுழற்றி மேலே வந்தவர் என்று நினைக்காதீர்கள், அவர் கர்நாடகத்தின் திவானாக, வரவு செலவு பார்த்து மேலே வந்தவர். ஒரு அக்கவுண்டன்ட் நவாபானால் முதலில் எதைப் பார்ப்பார்? பழைய பாக்கியை.

நவாப் தரப்பு சொன்னது: ஃபர்மான் என்கிற அரசாணை அப்பா பெயரில் இருக்கிறது. கொடுத்த ஔரங்கசீப் 1707லேயே போய்விட்டார். அதற்குப் பிறகு பகதூர் ஷா, ஜகந்தர் ஷா என்று போய் இப்போது பரூக்சியார். புது பாதுஷாவிடம் புதுப்பித்து வாங்கு. தேசிங்கு சொன்னது: ஔரங்கசீப்பின் ஃபர்மான் எங்களிடம் இருக்கிறது, போதும். ஃபர்மான் என்கிற கட்டத்திலிருந்து ஒரு கோடு. அது 'ஆள்' என்ற கட்டத்துக்குப் போகிறதா, 'குடும்பம்' என்ற கட்டத்துக்குப் போகிறதா? அந்தப் பக்கம் 'பாதுஷா' என்ற மனிதருக்கா, பாதுஷா என்ற நாற்காலிக்கா? ஒயிட்போர்டில் அரை மணி நேர வேலை. 1714 அக்டோபரில் செஞ்சிக்குப் பக்கத்து ஆற்றங்கரையில், தேசிங்கு சில நூறு குதிரைகளோடு வர, சண்டை போட்டு அதைத் தீர்த்துக்கொண்டார்கள். அங்கேயே விழுந்த தேசிங்குக்கு வயது இருபத்திரண்டு என்கிறார்கள். ஆண்டது ஒரு வருஷம்கூட நிரம்பவில்லை. பாட்டு முந்நூறு வருஷம் ஓடுகிறது.

நவாபைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் கெட்டவரில்லை, விதிப்படி நடப்பவர். தேசிங்கின் வீரத்தை மெச்சி, உடன்கட்டை ஏறிய ராணியின் பெயரில் ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்று சொல்வார்கள். செஞ்சியில் ஒரு மசூதியும் கட்டினார். பதவி என்பது பாதுஷா கொடுப்பது, அப்பன் வீட்டுச் சொத்தல்ல என்று அடித்துப் பேசிய மனிதர்.

அவருக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகன் தோஸ்த் அலியை வளர்த்தார். 1732ல் அவர் கண்ணை மூடியதும் தோஸ்த் அலி நேராக வந்து நவாப் நாற்காலியில் உட்கார்ந்தார். மேலதிகாரி ஹைதராபாத் நிஜாமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டில்லியிலிருந்து வர வேண்டிய உறுதிக் காகிதத்தை வரவிடாமல் அவரே தடுத்தார் என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதுகிறார். தோஸ்த் அலி அதற்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கவில்லை. ரினியூவல் இல்லாமலே எட்டு வருஷம் ஓட்டினார். 1740ல் தாமல்செருவுக் கணவாயில் அவரை மறித்துக் கொன்றவர்கள் மராட்டியர்கள். அவர்கள் கேட்டு வந்தது சௌத் வரி பாக்கி.